தீப நேரத்தில் போட்ட கையெழுத்து

செஞ்சியைத் தாண்டி பஸ் பஞ்சராகி நின்ற ஒரு முற்பகலில்தான் அந்த யோசனை எனக்கு முதன்முதலில் வந்தது. டிரைவரும் கண்டக்டரும் ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சும்மா இருக்க வராது. புளியமரத்து நிழலில் உட்கார்ந்து பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. சென்னையில் சட்டக் கல்லூரி இரண்டாம் வருஷம். தீபாவளி லீவுக்குத் திருவண்ணாமலைக்கு வந்துகொண்டிருந்தேன். பிரித்த பக்கத்தில் வாரிசுரிமைப் பாடம் இருந்தது. பிள்ளையில்லாத விதவை உயில் எழுதாமல் இறந்துபோனால், அவள் தானே சம்பாதித்துக் கட்டிய வீடாக இருந்தாலும் அது புருஷன் வீட்டாருக்குத்தான் முதலில் போகும். கூடப் பிறந்தவர்களுக்கு வழியில்லை. வகுப்பில் கேட்டபோது பரீட்சைக்கு வரக்கூடும் என்று ஓரத்தில் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன். மரத்தடியில் அந்த நட்சத்திரத்தைப் பார்த்த கணத்தில் நர்சக்காவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. துள்ளி எழுந்து நின்றுவிட்டேன். "இன்னா தம்பி, பாம்பா?" என்று காலைத் தூக்கிக்கொண்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

நர்சக்கா எங்கள் பக்கத்து வீடு. செங்கம் ரோட்டுப் பக்கம், மொட்டைமாடி ஏறினால் மலை முழுசாகத் தெரிகிற சின்ன வீடு. பதினெட்டு வயதில் கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டு, இரண்டாம் வருஷமே மஞ்சள் காமாலைக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள். மாமனார் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் நர்சுக்குப் படித்தது, பெரியாஸ்பத்திரியில் வேலை வாங்கியது, இத்தனை செங்கல் இந்த வருஷம், இத்தனை அடுத்த வருஷம் என்று வீட்டை எழுப்பியது எல்லாம் தனியாள் வேலை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது கத்தினால், "உன்ன நான் தலைகீழா தூக்கிப் பிடிச்சவ, என்னண்ட சவுண்டு வுடாத" என்பாள். கத்தியவன் அடங்கிவிடுவான்.

அவளோடு இருந்தது தங்கை பாப்பா. பாப்பாவுக்கு அப்போதே முப்பது தாண்டியிருக்கும். மனசுக்கு வயது ஐந்து. துணி மடிப்பாள். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஓரத்தோடு ஓரம் அப்படிப் பொருந்தும். பஸ் பார்த்தால் கைதட்டுவாள். ஆனால் இடம் மாறினால் தாங்காது. ஒரு முறை பயிற்சிக்காக நர்சக்கா இரண்டு வாரம் வேலூர் போக வேண்டியிருந்தது. பாப்பாவையும் கூட்டிப்போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்கினாள். பாப்பா சோற்றைத் தொடவில்லை. சுவரோரம் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டவள், நாலாம் நாள் காய்ச்சலில் விழுந்தாள். பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு நர்சக்கா திரும்பினாள். பின்கட்டு அறைக்குள் வந்து தன் கோரைப்பாயைப் பார்த்த பிறகுதான் பாப்பா வாயைத் திறந்தாள். அவளுக்கு உலகம் என்பது அந்த அறையும், சமையற்கட்டும், மாடிப்படியும்தான். நர்சக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த உலகம் கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் கைக்குப் போய்விடும். இதுதான் என்னைத் துள்ள வைத்தது.

ஊர் வந்ததும் வீட்டுக்குள் பையைக்கூட வைக்காமல் நேரே அவளிடம் போனேன். கிணற்றடியில் யூனிபாரத்துக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க ஒரு உயில் எழுதணும்."

"ஏன்டா, நான் போற மாதிரியா தெரியுறேன்? தீபாவளிக்கு வந்தவன் வாயில நல்ல வார்த்தையே வரலியா?"

"இல்லக்கா, சட்டம் அப்படி..."

"உயில் எழுத நான் இன்னா ஜமீன்தாரியா?"

சட்டத்தைச் சொன்னேன். நீலத்தண்ணீரில் கை அப்படியே நின்றுவிட்டது. "அவங்களுக்கா? நான் கட்டினதா?" என்று கேட்டாள். சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, "பாப்பாவ எங்க போடுவாங்க தம்பி?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எந்தக் கேள்விக்கும் பதில் இருந்த வயது அது.

வெறும் உயில் போதாது என்று விளக்கினேன். பாப்பா பேருக்கு வீட்டை எழுதினால் நாளைக்கு யாராவது அவள் கட்டைவிரலைப் பிடித்து ஒரு பத்திரத்தில் வைத்துவிடலாம். அதனால் உயிலுக்குள்ளேயே ஒரு டிரஸ்ட் ஏற்படுத்த வேண்டும். வீடு ஒருத்தர் பொறுப்பில் இருக்கும். அவருக்குப் பெயர் டிரஸ்டி. அவரால் விற்கவும் முடியாது, அனுபவிக்கவும் முடியாது. முன்கட்டை வாடகைக்கு விட்டு, வருவதைப் பாப்பாவுக்கே செலவழிக்க வேண்டும். அவள் காலம் வரைக்கும் அந்த அறையை விட்டு அவளை யாரும் அசைக்க முடியாது. சொல்லச் சொல்ல எனக்கே மூச்சு வாங்கியது. நர்சக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, அந்த டிரஸ்டி நீயே இரு" என்றாள். இருபத்திரண்டு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் யாரும் தந்ததில்லை.

அந்த லீவு பூராவும் அதே வேலை. எங்கள் வீட்டில் கேலி. அப்பாவிடமும் உயில் எழுதச் சொன்னேன். "எங்கிட்ட இருக்கிறது ஒரு சைக்கிள். அத உனக்கே எழுதறேன், முதல்ல போயி அதுக்குக் காத்து அடிச்சிக்கினு வா" என்றார். நர்சக்கா மட்டும் கேலி செய்யவில்லை. டூட்டி முடிந்து வந்து, தலையை முடிந்துகொண்டு உட்காருவாள். அவள் சொல்வதை நான் எழுதுவேன். சனிக்கிழமை பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்று எழுத முடியுமா என்றாள். அதெல்லாம் உயிலில் வராதுக்கா என்றேன். "வரலன்னா அந்த உயிலு எதுக்கு? வீட்டுக்கா எழுதறேன், அவளுக்குத்தான எழுதறேன்" என்றாள். எழுதினேன். கஞ்சியை ஆறவைத்துத்தான் தர வேண்டும். இடி இடித்தால் யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும். திட்டினால் அழமாட்டாள், சாப்பிடாமல் இருந்துவிடுவாள், அதனால் திட்டக் கூடாது. இப்படியே ஒன்றரைப் பக்கம். இத்தனை வருஷ வக்கீல் தொழிலில் எத்தனையோ உயில்களைப் பார்த்துவிட்டேன்; எல்லாவற்றிலும் எல்லைகள் இருக்கும், கிழக்கே இன்னார் மனை, மேற்கே தெரு என்று. ஒரு ஆளை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எழுதிய உயிலை நான் மறுபடி பார்க்கவில்லை.

பாப்பாவின் காலத்துக்கப்புறம் வீடு யாருக்கு என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. புதிதாக வேலைக்கு வருகிற நர்சுகளுக்கு என்றாள். அவள் வந்த புதிதில் தனியாக இருக்கிற பொம்பளைக்கு வீடு தர மாட்டோம் என்று பதினொரு வாசலில் சொல்லி அனுப்பினார்களாம். "எந்தப் பொண்ணும் பெட்டிய வெச்சிக்கினு இந்த ஊர்ல தெருத் தெருவா நிக்கக் கூடாது. எழுது."

கல்லூரி திறந்து நான் போய்விட்டேன். அழகாக டைப் அடித்துக்கொண்டு கார்த்திகை தீபத்துக்கு வந்தேன். அன்றைக்குத்தான் கையெழுத்து என்று நாள் வைத்தவள் அவள்தான். அது மட்டுமில்லை, நேரமும் அவளே வைத்தாள். மலைமேல் தீபம் ஏற்றுகிற அதே நேரத்தில்தான் போடுவேன் என்றுவிட்டாள். "கோர்ட்டு, ரிஜிஸ்தர் ஆபீசு எல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. அண்ணாமலையாரு பாக்கும்போது போட்டுடறேன். அப்புறம் அவரு பாத்துக்குவாரு." எனக்கும் அது பிடித்திருந்தது. மறுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சாட்சிக்கு இரண்டு பேர். ஒருவர் எதிர்வீட்டு ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர். இன்னொருவர் வீடு கட்டும்போது கம்பி தந்த இரும்புக்கடை பாய். நர்சக்கா காலையிலிருந்து கோயிலருகே முதலுதவிப் பந்தலில் நின்றுவிட்டு நாலு மணிக்கு வந்து, குளித்து, புதுப்புடவை கட்டிக்கொண்டாள். ஐந்தரைக்கு எல்லாரும் மொட்டைமாடியில் கூடினோம். ஊரே மாடிகளில்தான் நின்றது. நான் உயிலை முழுக்கப் படித்துக் காட்டினேன். கஞ்சி வந்த இடத்தில் போஸ்ட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துணி தேய்க்கிற மேஜையை மேலே கொண்டுவந்து போட்டிருந்தோம். மலைக்காற்று தாளைத் தூக்கித் தூக்கி அடித்தது. பாய் இரண்டு கையாலும் ஓரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "காத்து என்னையும் சேத்துத் தூக்கிடும் போல. சீக்கிரம் சாமிய வரச்சொல்லுங்க" என்றார்.

அப்புறம் அந்த அமைதி. ஆறு மணிக்குச் சற்று முன்னால் ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொள்கிற அமைதி. அந்த ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உச்சியில் ஒரு புள்ளி தெரிந்தது. உடனே எல்லா மாடிகளிலிருந்தும் "அண்ணாமலைக்கு அரோகரா" என்று ஒரே குரல். என் இரண்டு கைகளும் தலைக்குமேல் போய்விட்டன. போஸ்ட்மாஸ்டர் கண்ணில் நீர் வழிய மலையைப் பார்த்து நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் திரும்பிப் பார்த்தபோது தாளில் மை ஈரமாக இருந்தது. நர்சக்கா மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். பாப்பா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவது வழக்கம். பாப்பாவுக்கு அந்த ஒரு நாள் தீக்குச்சி கையில் தருவார்கள், வருஷம் பூராவும் அவள் காத்திருப்பது அதற்குத்தான். "நீங்க போட்டுக்கினு இருங்க, நான் விளக்கு ஏத்திட்டு வரேன்" என்று படியிலிருந்து குரல் வந்தது. "சார் இங்க, பாய் நீங்க இங்க" என்று விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு பேரும் போட்டார்கள். ஊதி ஊதிக் காயவைத்தேன். கீழே வாசலில் அகல்விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய, பாப்பா கைதட்டுவது கேட்டது. அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமாக இருந்தவன் அந்த ஊரில் இருந்திருக்க முடியாது.

படியிறங்கும்போது பாய் சொன்னார்: "எல்லாரும் மலையப் பாத்தீங்க. நான் பேப்பரப் பிடிச்சிருந்தேனா, அக்கா கையத்தான் பாத்தேன். பாதிப் பேரு எழுதிட்டு நின்னுட்டாங்க தம்பி. திரும்பிப் பாப்பாவ ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம்தான் மீதியப் போட்டாங்க." அந்தக் கையெழுத்தைப் பார்த்த ஒரே மனுஷர் அவர்தான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது மூன்று மாதம் கழித்து, வகுப்பில். உயில் என்றால் இரண்டு சாட்சி வேண்டும் என்பது வரைக்கும் புத்தகத்தைப் படித்துவிட்டு பஸ் ஏறியவன் நான். அதற்கடுத்த வரிகளை வாத்தியார் அன்றைக்குத்தான் நடத்தினார். எழுதியவர் கையெழுத்துப் போடுவதை இரண்டு சாட்சிகளும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லையென்றால், இது என் கையெழுத்துதான் என்று அவரே அவர்களிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் சாட்சிகள் அவருடைய கண்ணெதிரே போட வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தபடியே மாடியில் நடந்ததை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். ஒருத்தர் பார்க்கவில்லை. இது என் கையெழுத்து என்று அவளும் சொல்லவில்லை. அவர்கள் போட்டபோது அவள் கீழே இருந்தாள்.

திருத்துவது கஷ்டமா? இல்லவே இல்லை. அதே உயிலை மறுபடி ஒரு தாளில் அடித்து, ஒரு மத்தியானம் அவளையும் இரண்டு சாட்சிகளையும் எதிரெதிரே உட்கார வைத்தால் அரை மணி நேரத்தில் முடிந்தது. இதற்காகவே கோடை லீவில் ஊருக்கு வந்தேன். வந்த அன்றே அவளிடம் போனேன். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அந்த பேப்பரப் பொட்டியில வெச்சப்புறம்தான் நான் நெஞ்சுல கனம் இல்லாம இருக்கேன். ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் சொல்லிட்டேன், எங்க பக்கத்து வூட்டுப் புள்ள எழுதினதுன்னு" என்றாள். தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தாள். எப்படிச் சொல்வது? அடுத்த லீவில் சொல்லிக்கொள்ளலாம் என்று மோர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த லீவும் போனது. படிப்பு முடிந்து, ஊரிலேயே ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். தினமும் அவள் வாசலைத் தாண்டித்தான் கோர்ட்டுக்குப் போவேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பேச்சை எடுத்தேன்.

"அக்கா, அந்த உயில ரிஜிஸ்தர் பண்ணி வெச்சிடலாமா? புதுசா ஒண்ணு எழுதி..."

"எதுக்கு? அதுல ஏதாவது தப்பா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"அப்ப வுடு. மலைக்கு முன்னாடி போட்டத மாத்தக் கூடாது."

விட்டுவிட்டேன். என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எனக்குத் தெரிந்து, அவளுக்குத் தெரியாமல், ஏழு வருஷம். சோம்பேறித்தனம் என்று சொன்னால் சுலபமாக இருக்கும். நான் சோம்பேறி இல்லை. அந்த ஏழு வருஷத்தில் ஊருக்கெல்லாம் ஓடி ஓடிப் பத்திரம் எழுதினேன். சைக்கிளில் அடி அண்ணாமலை வரைக்கும் போய் முன்பின் தெரியாதவர்களுக்கு உயில் எழுதிக் கொடுத்து, சாட்சிகளை "கண்ண இங்க வையுங்க, கையப் பாருங்க" என்று அதட்டினேன். நர்சக்கா வாசலில் மட்டும் வேகத்தைக் கூட்டிப் போனேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ரிடையராக ஒரு வருஷம் இருக்கும்போது, காய்ச்சலோடு டூட்டி பார்த்தாள். மாத்திரை போட்டுக்கொண்டு மற்றவர்களுக்கு ஊசி போட்டாள். மூன்றாம் நாள் அதே வார்டில் படுக்கவைத்தார்கள். நான் போனபோது நினைவு இருந்தது. "பாப்பா சாப்ட்டாளா?" என்று கேட்டாள். சாப்பிட்டாள் என்றேன். "நீ இருக்க, எனக்கு இன்னா கவலை" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு தாளும் இரண்டு சாட்சியும் போதும், அந்த வார்டிலேயே ஆட்கள் நின்றார்கள். சாகப்போகிறவளிடம் போய் இதைச் சொல்வதா என்று மனசு ஒரு காரணம் கண்டுபிடித்தது. ஏழு வருஷமாக அதற்குக் காரணத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை. மறுநாள் பகல் பதினொரு மணிக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் செய்ததும் என் பழைய அவசரம்தான். கருமாதிக்கு முன்னாலேயே, கீழ்பென்னாத்தூரில் இருந்த அவளுடைய கொழுந்தனாருக்கு நோட்டீஸ் அனுப்பினேன். சொத்து டிரஸ்டுக்கு உரியது, உங்களுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று கறாராக அடித்து அனுப்பினேன். பயம்தான் காரணம். குரலை உயர்த்தினால் ஓட்டை தெரியாது என்று நினைத்தேன். அவர் கருமாதிக்கு வந்து, பந்தலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்துபோனார். அடுத்த மாதம் வழக்குப் போட்டார்.

பாய் அதற்கு இரண்டு வருஷம் முன்பே காலமாகியிருந்தார். அவர் இருந்திருந்தாலும், பார்த்தவர் ஒருத்தர் என்றால் சட்டத்துக்குப் போதாது. மிச்சம் இருந்தவர் போஸ்ட்மாஸ்டர். சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போனேன். "இன்னா கேப்பாங்கப்பா?" என்றார். "நடந்ததச் சொல்லுங்க சார்" என்றேன். வாய் அப்படிச் சொன்னது. இவருக்கு எண்பது வயசாகிறது, மறந்திருக்கக் கூடாதா என்று உள்ளே வேண்டிக்கொண்டேன். அவர் எதையும் மறக்கவில்லை.

கூண்டில் நின்றவரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் பொறுமையாகக் கேட்டார். "அந்தம்மா கையெழுத்துப் போட்டத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

போஸ்ட்மாஸ்டருக்குக் கேள்வியே விநோதமாக இருந்தது. "அந்த நேரத்துல மலையப் பாக்காம வேற இன்னாத்தங்க பாப்பாங்க?" என்றார். கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதிகூடச் சிரித்தார், சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

"நீங்க கையெழுத்துப் போட்டப்போ அந்தம்மா எங்க இருந்தாங்க?"

"வாசல்ல விளக்கு ஏத்திக்கினு இருந்தாங்க. பாப்பாவும் கூட இருந்துச்சு. பாக்க நல்லா இருந்துச்சுங்க."

அவ்வளவுதான் வழக்கு. போஸ்ட்மாஸ்டர் இறங்கி வந்து, "நல்லா சொன்னேனாப்பா?" என்று கேட்டார். நல்லா சொன்னீங்க சார் என்றேன். வேறு என்ன சொல்ல? என்னைக் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்று என் சீனியர் முடிவு செய்தார். "உனக்கு இது எப்ப தெரியும்னு ஒரு கேள்வி வரும். அது வேணாம்" என்றார். அந்தக் கேள்வியை இன்று வரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசல் டீக்கடையில் கொழுந்தனாரைப் பார்த்தேன். ஜெயித்தவர் மாதிரியே இல்லை. மெலிந்து, தோளில் துண்டோடு தனியாக நின்றிருந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவர்தான் கூப்பிட்டார். "இன்னாப்பா வக்கீலு, நாங்க இன்னா திருடிக்கினா போயிட்டோம்? எங்கண்ணன் பொண்டாட்டி. அது செத்ததுக்கு எங்களுக்கு ஒரு ஆள் அனுப்பல. நோட்டீசுதான் வந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு ஒரு ரூம்பு வேணும்னு ஒரு வாட்டி வூட்டுக்கு வந்து கேட்டியா நீ?" டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். தோற்றவன் கோபத்தில் அது எனக்கு வெறும் வாய்ப்பேச்சாகத்தான் பட்டது.

வீடு அவர்கள் கைக்குப் போனதிலிருந்து பாப்பா எங்கள் வீட்டில் இருக்கிறாள். அம்மா அவளைத் தன் பிள்ளை மாதிரிப் பார்க்கிறாள். உயிலில் இருந்த ஒன்றரைப் பக்கமும் எனக்கு மனப்பாடம். சனிக்கிழமை எண்ணெய் உண்டு, கஞ்சி ஆறித்தான் வரும், யாரும் திட்டுவதில்லை. ஆனால் இது அவள் அறை இல்லை. வந்த முதல் மாதத்திலேயே பாதியாக இளைத்தாள். துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள். தினமும் சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே யாரும் குடியில்லை. முன்கட்டில் அவர்களுடைய மல்லாட்டை மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன, பின்கட்டு சும்மா பூட்டிக் கிடக்கிறது. "வூட்டுக்குப் போலாம்" என்கிறாள் என்னிடம். அவளுக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். நாளைக்கு நாளைக்கு என்று சொல்லி உள்ளே அழைத்து வருகிறேன். அவளுடைய அக்கா விஷயத்தில் எனக்கு நானே சொல்லிப் பழகிய அதே நாளைக்கு.

மேல்கோர்ட்டுக்கும் போய்த் தோற்றாகிவிட்டது. இன்னும் ஒரு படி ஏறலாம் என்று போன வாரம் வரைக்கும் வழக்குக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா கேட்டருகே நின்றபடியே மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்து, அம்மா விசிறிக்கொண்டிருந்தபோது, டீக்கடையில் அந்த மனுஷர் கேட்டது மறுபடி காதில் விழுந்தது. ஒரு வாட்டி வந்து கேட்டியா? கேட்கவில்லை. நோட்டீஸ் அனுப்பினேன், பதிலுரை போட்டேன், அப்பீல் போட்டேன். கேட்க மட்டும் இல்லை.

வியாழக்கிழமை கோர்ட் லீவு. காலை பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போகப்போகிறேன். ஒப்பந்தப் பத்திரம் ஏதாவது அடித்து எடுத்துக்கொண்டு போகலாமா என்று கை அரிக்கத்தான் செய்கிறது. ஒரு தாளும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பாப்பாவையும் கூட்டிப்போகப் போவதில்லை. அவளைக் காட்டி இரக்கம் வாங்கினால் நர்சக்கா என்னை மன்னிக்கமாட்டாள். முதலில், அந்த உயில் செல்லாது என்று நர்சக்கா சாவதற்கு ஏழு வருஷம் முன்பே எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். வெளியே போடா என்று சொன்னால் வாசலிலேயே நிற்பேன். பிறகு, வீடு உங்களுடையதாகவே இருக்கட்டும், பின்கட்டு அறையை மட்டும் அவள் காலம் வரைக்கும் திறந்துவிடுங்கள் என்று கேட்கப் போகிறேன். டீக்கடையில் சொன்னது வெறும் பேச்சாகவே இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.